அஞ்சறைப் பெட்டியில் ஒரு துப்பாக்கி

துப்பாக்கிக்குள் குதிரை இருக்கிறது என்று நான் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். என் அறிவைப் பற்றி இப்போதும் எங்கள் வீட்டில் யாருக்கும் பெரிய அபிப்பிராயம் கிடையாது. அப்போது இன்னும் மோசம். ஆனால் இந்த விஷயத்தில் தப்பு என்னுடையது மட்டுமல்ல. துப்பாக்கிப் பேச்சு எடுத்தால் பெரியப்பா வாயில் குதிரைதான் வரும். "குதிரைய இழுத்தேன், பன்னி திரும்பிப் பாத்துது" என்பார். "நம்ம குதிரை மாதிரி எவன் குதிரையும் நிக்காது" என்பார்.

மாமா ஒரு தடவை என் சந்தேகத்தைத் தீர்க்கப் பார்த்தார். துப்பாக்கியின் விசைக்கு மேலே, கட்டைவிரல் படும் இடத்தில், வளைந்த ஓர் இரும்புத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பின்னால் இழுத்தால் டக்கென்று நிற்கும். விசையை அழுத்தினால் முன்னே பாய்ந்து தட்டும். தோட்டா வெடிக்கும். "இதாண்டா குதிரை" என்றார். நான் ஏமாறவில்லை. அது வால் என்று எனக்குத் தெரியும். வால் இந்த அளவு என்றால் உள்ளே இருக்கும் குதிரை எந்த அளவு, அது நின்றுகொண்டிருக்கிறதா படுத்திருக்கிறதா, அதற்கு யார் தீனி போடுகிறார்கள் என்பதுதான் என் கவலை.

எங்கள் வீடு விழுப்புரத்தில். மாமா, அதாவது அம்மாவின் தம்பி, அங்கே ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர். காலாண்டுப் பரீட்சை லீவு விட்டால் மாமா என்னைப் பாசஞ்சரில் ஏற்றித் திண்டிவனத்தில் இறக்கி, பஸ் பிடித்துப் பெரியப்பா ஊருக்குக் கூட்டிப் போவார். திண்டிவனத்துக்கு மேற்கே, பாறைக் குன்றுகளின் அடிவாரத்தில் பெரியப்பாவுக்கு மல்லாட்டைக் கொல்லை, அதாவது வேர்க்கடலைக் கொல்லை. மல்லாட்டை முற்றும் சமயத்தில் குன்றிலிருந்து காட்டுப்பன்றிகள் குடும்பத்தோடு இறங்கும். அவற்றை விரட்டத்தான் சர்க்காரில் பெரியப்பாவுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் கொடுத்திருந்தார்கள். ஒற்றைக் குழல் தோட்டாத் துப்பாக்கி. பெரியப்பா அதை ரைபிள் என்றுதான் சொல்வார். அது ரைபிள் இல்லை என்று மாமா வருஷம் தவறாமல் ஞாபகப்படுத்துவார்.

"மச்சான், ரைபிள்னா கொழலுக்குள்ள திருகு மாரி புரி இருக்கணும். இது மொழமொழன்னு கீது."

"ஒன் ரயில மட்டும் நான் கட்ட வண்டின்னு சொன்னனா? மூடிக்கினு சாப்புடு மாப்ளே."

அந்த ஊரில் எங்களுக்குத் துப்பாக்கி வீடு என்று பெயர். பஸ் கண்டக்டர்கூட "துப்பாக்கி வூடு எறங்கு" என்றுதான் விசில் அடிப்பார். அந்தப் பெயருக்காகவே நான் பஸ்ஸிலிருந்து கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு இறங்குவேன். இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தும் இருக்கிறேன்.

நான் சொல்ல வந்த வருஷம் ஆயுத பூஜைக்குப் போயிருந்தோம். கூடத்தில் சாமி படத்துக்கு முன்னால் வீட்டிலிருந்த இரும்பு முழுவதும் வரிசையாக வந்து உட்கார்ந்தது. கொழுமுனை, மண்வெட்டி, களைக்கொத்து, அரிவாள்மனை, பெரியம்மாவின் தையல் மிஷின், மாமா ஷெட்டிலிருந்து கொண்டுவந்த கருவிப் பை, அதற்குப் பக்கத்தில் என் பாடப் புத்தகங்கள். பூஜையில் வைத்த புத்தகத்தை எடுத்துப் படிக்கக் கூடாது என்பதால் சாமிகளிலேயே சரஸ்வதியை எனக்கு ரொம்பப் பிடிக்கும். எல்லாவற்றுக்கும் பெரியம்மா பொட்டு வைத்துக்கொண்டு வந்தாள். துப்பாக்கிக்கு மட்டும் பெரியப்பாதான் வைப்பார். அதை வேறு யாரும் தொடக் கூடாது. உள்ளங்கை நிறையச் சந்தனத்தை எடுத்து, கட்டையிலிருந்து குதிரை வரைக்கும் ஒரே தடவாகத் தடவி, அதன்மேல் குங்குமத்தை அப்பினார். துப்பாக்கி கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருந்தது.

கற்பூரம் காட்டி முடித்ததும் மாமா சும்மா இருக்காமல் அதை எடுத்துக் குதிரையை இழுத்தார். அது நிற்கவில்லை. கையை எடுத்ததும், பாசஞ்சர் வண்டியில் தூங்குகிறவர் தலை மாதிரித் தொப்பென்று முன்னே விழுந்தது.

"இன்னா மச்சான், குதிரை படுத்துக்கிச்சு?"

"ஒன் கைராசி அப்பிடி. இங்க குடு."

பெரியப்பா இழுத்தார். விழுந்தது. மறுபடி இழுத்தார். மறுபடி விழுந்தது. பெரியம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். ஏனென்றால் விஜயதசமி முடிந்த மறுநாள் லைசென்ஸ் துப்பாக்கிகளை அதிகாரி பார்க்கப் போகிறார், கொண்டுவந்து காட்ட வேண்டும் என்று தண்டோரா போட்டிருந்தார்கள். புதிதாக வந்த அதிகாரி, கறார் பேர்வழி என்று கேள்வி. வேலை செய்யாத துப்பாக்கியை வாங்கி வைத்துக்கொண்டு லைசென்ஸைக் கிழித்துவிடுகிறாராம். துப்பாக்கி போனால் மல்லாட்டை பன்றிக்கு. வீட்டின் பெயரும் போகும். பழுது பார்க்கிறவன் பட்டணத்தில்தான் இருந்தான். பண்டிகையில் அவனும் கடையைப் பூட்டியிருப்பான்.

"எதுக்கு இவ்ளோ பேஜாரு? நான் எதுக்குக் கீறேன்?" என்றார் மாமா. "ரயில் இஞ்சினயே பிரிச்சு மாட்டறவன். அந்தப் பைய எடு, ஜல்தியா முடிச்சுடறேன்."

"பூசைல வெச்சத இன்னிக்கு எவன் தொட்டாலும் கைய முறிப்பேன்" என்றாள் பெரியம்மா. "நாளைக்குக் காலைல பூசை பண்ணி எறக்குவேன். அப்புறம் இஞ்சினப் பிரிங்க, எதயாவது பிரிங்க."

மாமா பூஜையில் வைக்காத ஏதாவது இரும்பு வீட்டில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தார். கரண்டிக்காம்புக்குக்கூடப் பொட்டு வைத்திருந்தாள். அன்றைக்கு வீட்டில் பூஜைக்கு லாயக்கில்லை என்று ஒதுக்கப்பட்ட பொருள் நான் ஒருவன்தான்.

எனக்கோ வேறு கவலை. குதிரை படுத்துவிட்டது என்றால் அதற்கு உடம்பு சரியில்லை, அல்லது பசி. மாலையில் சமையலறைக்குப் போய்ப் பானையிலிருந்து ஒரு பிடி கொள்ளை அள்ளி வந்து துப்பாக்கியின் முன்னால் குவித்து வைத்தேன்.

"எவண்டா இது, சாமிக்கு முன்னால கொள்ள எறைச்சது?" என்று பெரியம்மா கேட்டாள்.

"குதிரைக்கு" என்றேன்.

மாமா சிரித்த சிரிப்பில் அவர் வாயிலிருந்த பொரி கூடம் முழுக்கப் பறந்தது. "அய்யோ மச்சான், புல்லும் வெக்கச் சொல்லு, புல்லு!" பெரியப்பா சிரிக்கவில்லை. என்னைக் கிட்டே கூப்பிட்டு, "நாளைக்கு ஒனக்குக் குதிரையக் காட்டறேன், வா" என்றார். அன்று முதல் எனக்குப் பெரியப்பா பக்கம்தான் ஓட்டு.

விஜயதசமி அன்று முதலில் எதைத் தொடுகிறோமோ அது விருத்தியாகும் என்பார்கள். நெல்லில் எழுத்து எழுதச் சொல்லிப் பெரியம்மா என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். நான் முதலில் தொட்டது மாமாவின் ஸ்பேனரை. பின்னால் என் படிப்பு போன போக்குக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முற்றத்து வெயிலில் பலகை போட்டு, அதன்மேல் வெள்ளை வேட்டியை விரித்தார்கள். மாமா பையைக் கவிழ்த்தார். அதிலிருந்து வந்த சாமான்களை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். என் கை நீளத்துக்கு ஸ்பேனர். மாட்டின் மண்டையைப் பிளக்கும் சுத்தியல். உளி அகலத்தில் திருப்புளிகள். பெரியப்பா குனிந்து அவற்றைத் தடவிப் பார்த்தார்.

"மாப்ளே, இது துப்பாக்கி. பாலத்தக் கழட்டப் போறமா?"

"திருப்புளின்னா திருப்புளிதான் மச்சான்."

பெரியப்பா துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டா இருக்கும் இடத்தில் விரலை விட்டுப் பார்த்தார். "கண்ணு ஏமாத்தும்டா. வெரலு ஏமாத்தாது" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் குழலைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகு குதிரைக்குப் பக்கத்தில் இருந்த தகட்டின் திருகாணியில் கட்டைவிரல் நகத்தை வைத்து, அதன் வெட்டு எவ்வளவு நீளம், எவ்வளவு அகலம் என்று ஓட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு ஒவ்வொரு திருப்புளியின் முனையையும் இரண்டு விரலுக்கு நடுவில் வைத்து நசுக்கிப் பார்த்தார். இது தடிப்பு. இது தேய்ஞ்சது. இது மூலை மழுங்கிப் போச்சு.

"இன்னா மச்சான், பொண்ணு பாக்கறீங்களா? நேரம் ஆவுது."

மாமாவுக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு திருப்புளியை எடுத்துத் திருகாணியில் வைத்து ஓர் அமுக்கு அமுக்கித் திருப்பினார். க்ரீச்சென்று வழுக்கித் தகட்டில் நீளமாக ஒரு கோடு கிழித்துக்கொண்டு போனது. திருகாணியின் வெட்டில் ஓர் ஓரம் சிதைந்துவிட்டது.

"இன்னொரு வாட்டி இப்பிடிப் பண்ணா ஜென்மத்துக்கும் கழட்ட முடியாது" என்றார் பெரியப்பா. சத்தம் போடவில்லை. அதனால் எங்கள் எல்லாருக்கும் பயமாக இருந்தது. மாமா திருப்புளியைப் பைக்குள் போட்டு, பையையும் மூடினார்.

பெரியம்மா தையல் மிஷின் பெட்டியைத் திறந்து அதனோடு வந்த சின்னத் திருப்புளியைக் கொண்டுவந்தாள். குங்குமப் பொட்டோடு இருந்தது. பெரியப்பா நசுக்கிப் பார்த்தார். அகலம் சரி, முனை கொஞ்சம் தடிப்பு. சாணைக்கல்லில் தண்ணீர் தெளித்துத் தேய்த்தார். நகத்தால் பார்த்தார். மறுபடி தேய்த்தார். கடைசியில் திருகாணியில் வைத்தபோது வெட்டு முழுவதையும் நிறைத்துக்கொண்டு அது ஆடாமல் உட்கார்ந்தது. இரண்டும் ஒரே இரும்பாகப் பிறந்த மாதிரி. அவர் கண்ணை மூடிக்கொண்டுதான் திருப்பினார். பெரிய வித்துவான்கள் அப்படித்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டேன். விழுப்புரம் திரும்பியதும் நானும் கண்ணை மூடிக்கொண்டு அப்பாவின் கடிகாரத்தைப் பிரித்தேன். அதை இங்கே விவரிக்க வேண்டியதில்லை.

அடுத்ததாக ஓர் ஆணியைத் தட்டி எடுக்க வேண்டியிருந்தது. இரும்பு வைத்துத் தட்டினால் ஆணியின் தலை மலர்ந்து, திரும்பி உள்ளே போகாது என்று பெரியப்பா பித்தளை கேட்டார். பெரியம்மா பழைய குத்துவிளக்கின் திரி தூண்டும் குச்சியைக் கொடுத்தாள். சுத்தியலுக்குப் பதில் மரத்தால் செய்த கொட்டாப்புளி. மெதுவாக டொக் டொக் என்று தட்ட, ஆணி பயந்த மாதிரி தானாக வெளியே வந்தது.

கழன்றதையெல்லாம் எங்கே வைப்பது? வேட்டியில் வைத்தால் கோழி கொத்திவிடும். பெரியம்மா எழுந்து போய் அஞ்சறைப் பெட்டியைக் காலி செய்து கொண்டுவந்தாள். பெரியப்பாவுக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, அவர் ஒவ்வொன்றாக நீட்ட நீட்ட வாங்கி வைத்தாள்.

"முன்னாடித் திருகாணி. சீரகத்துல வெச்சிருக்கேன்."

"ம்."

"பின்னாடி இருக்கற பெருசு. மொளகுல."

"ம்."

"ஆணி கடுகுல. தகடு நடுவுல, மஞ்சள்ல."

தகட்டைக் கழற்றியதும் நான் மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தேன். உள்ளே குதிரை இல்லை. மடிந்த பட்டை போல ஒரு ஸ்பிரிங், பல் வைத்த ஒரு சின்ன இரும்பு, அதைச் சுற்றிக் கட்டியாகக் காய்ந்துபோன சந்தனம். ஒரு பூஜைச் சந்தனம் இல்லை, பல பூஜைகளின் சந்தனம். குங்குமம் அதில் சிவப்புக் கோடுகளாக ஓடியது. பல் போய் மாட்டிக்கொள்ள வேண்டிய பள்ளத்தில் சந்தனம் அடைத்துக்கொண்டதால்தான் குதிரை நிற்கவில்லை.

மாமாவுக்கு உயிர் வந்துவிட்டது. "இன்னா மச்சான் இது! பொட்டு வெக்கச் சொன்னா சுவத்துக்குப் பூசற மாரி பூசி வெச்சுக்கிறீங்க? கட்டைல வெக்கறத உட்டுட்டு ஓட்டைல எவனாவது வெப்பானா?"

பெரியப்பா விரலால் அந்தப் பள்ளத்தைத் தடவினார். அவர் காது மட்டும் சிவந்தது.

"அது நாந்தான் வெச்சேன்" என்றாள் பெரியம்மா. "எனக்கு இன்னா தெரியும், துப்பாக்கிக்கு மூஞ்சி எது, முதுகு எதுன்னு?"

அவள் வைக்கவில்லை. முதல் நாள் பெரியப்பா வைத்ததை நான் பக்கத்திலேயே நின்று பார்த்திருந்தேன். "இல்ல பெரியம்மா, பெரியப்பாதான..." என்று ஆரம்பித்தேன். ஒரு பிடி பொரியை அள்ளி என் வாயில் திணித்து, "துண்ணு" என்றாள். பொரியை மறுக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் உண்மை அத்தோடு நின்றது.

கோழி இறகைக் கிருஷ்ணாயிலில் தோய்த்துப் பெரியப்பா சந்தனத்தைக் கரைத்து எடுத்தார். மாமா எண்ணெய்க் கிண்ணத்தை நீட்டினார். மல்லாட்டை எண்ணெய். "ஊத்துனா கொஞ்ச நாள்ல பிசினாயிடும்" என்று அதைத் தள்ளிவிட்டு, தையல் மிஷின் எண்ணெயில் ஒரு சொட்டு விட்டார். திரும்ப மாட்டும் வேலை ஆரம்பித்தது. பெரியம்மா அடுப்பைப் பார்க்க எழுந்து போனதால் எடுத்துக் கொடுக்கும் பதவி எனக்கு வந்தது.

"மொளகு குடுடா" என்றார் பெரியப்பா, கையை நீட்டி.

நான் சமையலறைக்கு ஓடிப்போய் நாலு மிளகை எடுத்துவந்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் விரலால் உருட்டினார். ஒன்றை முகர்ந்து பார்த்தார். உடம்பு குலுங்க அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். "இத மாட்டுனா பன்னி தும்மியே செத்துடும்டா" என்றார். பிறகு பெரியம்மா வந்து பெட்டியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். சீரகம், மிளகு, கடுகு என்று ஒவ்வொன்றாகத் துப்பாக்கிக்குள் திரும்பிப் போயிற்று. பெரியப்பா குதிரையை இழுத்தார். டக். நின்றது.

மறுநாள் துப்பாக்கியைக் கம்பளியில் சுற்றி, தோட்டாப் பையும் எடுத்துக்கொண்டு மூன்று பேரும் திண்டிவனம் போனோம். அதிகாரிக்கு வயசு குறைவு, மீசை அதிகம். துப்பாக்கியை வாங்கிக் குழலுக்குள் பார்த்தார். குதிரையை இழுத்தார். நின்றது. விசையை அழுத்தினார். பாய்ந்தது. "சுத்தமா வெச்சிருக்கீங்க. பேஷ்" என்றார். மாமா தானே செய்த மாதிரி தொண்டையைச் செருமினார். எழுதுவதற்குப் பேனாவைத் திறந்த அதிகாரி, என்ன தோன்றியதோ, துப்பாக்கியைப் பெரியப்பாவிடமே கொடுத்தார்.

"பெரியவரே, எப்பிடிக் குறி வெப்பீங்கன்னு காட்டுங்க பாப்போம். அதோ ஜன்னலுக்கு வெளிய, மதில் மேல கருப்பா இருக்கு பாருங்க."

பெரியப்பா துப்பாக்கியைத் தோளில் வைத்தார். கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு மெதுவாகக் கீழே இறக்கினார்.

"மன்னிக்கணும்ங்க. காக்காய மட்டும் குறி வெக்க மாட்டோம். இப்பத்தான் மாளய அமாவாசைக்கு அதக் கூப்பிட்டுச் சோறு வெச்சோம். பெரியவங்க வந்து குந்தியிருக்கறாப்ல."

மதில்மேல் இருந்தது காக்காய் இல்லை. முதல் நாள் ராத்திரி மழையில் நனைந்த தன் செருப்பைப் பியூன் அங்கே காய வைத்திருந்தார். பெரியப்பா இப்படித் தப்பாகச் சொல்கிறாரே என்று நான் வாயைத் திறந்தேன். மாமா என் கையைப் பிடித்து நசுக்கினார். அவர் முகத்தைப் பார்த்தேன். எதற்கெடுத்தாலும் கிண்டல் பண்ணுகிற அந்த முகத்தில் கிண்டலே இல்லை. இரண்டு நாளாக நடந்த எல்லாமே அந்த ஒரு நொடியில்தான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். பெரியப்பாவின் கண்ணில் புரை முற்றிக்கொண்டிருந்தது. அது அதுவரை பெரியம்மாவுக்கு மட்டுமே தெரியும்.

அதிகாரி மதிலைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். பெரியப்பாவின் கண்ணைப் பார்த்தார். பேனாவை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பெரியப்பா துப்பாக்கியை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றார்.

"வாஸ்தவம்தான். பெரியவங்களக் குறி வெக்கக் கூடாது" என்றார் அதிகாரி. பேனாவை மறுபடி திறந்தார். "ஒண்ணு பண்ணுங்க. துப்பாக்கிய எடுத்துப் போங்க, லைசென்ஸ் தர்றேன். தோட்டாவ எல்லாம் இங்கயே ஒப்படைச்சுடுங்க. வேணும்னா இவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கி, கூட நின்னு, இவரே சுடட்டும்." இவர் என்றது மாமாவை.

"சரிங்க" என்றார் பெரியப்பா. மாமாதான் தோட்டாப் பையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

துப்பாக்கியைக் கொடுத்துவிட்டுத் தோட்டாவைப் பிடுங்கிக்கொண்ட அந்த அதிகாரிக்குச் சுத்தமாக விவரம் போதாது என்று நான் முடிவு செய்தேன். பஸ்ஸில் பெரியப்பாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் என்னை உட்கார வைத்திருந்தார்கள். பாதி தூரம் வந்திருப்போம்.

"மாப்ளே, மதில் மேல இருந்தது இன்னா?" என்று பெரியப்பா கேட்டார்.

மாமா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் சும்மா இருப்பேனா? "செருப்பு பெரியப்பா."

"எந்தக் கால் செருப்பு?"

"ரெண்டும்."

"அப்ப சரி. தம்பதியாத்தான் வந்திருக்காங்க" என்றார். மாமா சிரித்தார். ஆனால் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சிரித்தார். வெயிலில் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மிச்ச லீவு முழுவதும் காலையில் கொல்லைக்குப் போகும்போது பெரியப்பா என்னைத்தான் கூட்டிக்கொண்டு போனார். தோளில் துப்பாக்கி, இன்னொரு கை என் தோளில். வரப்பில் நடந்துகொண்டே கேள்வி கேட்பார். எதிர்ல வர்றது யார்டா? அந்த மரத்துல இன்னா தொங்குது? கொல்லைல எந்தப் பக்கம் பன்னி கிளறிக்கிது? நான் டாண் டாணென்று பதில் சொல்வேன். பள்ளிக்கூடத்தில் எந்த வாத்தியாரும் என்னிடம் இவ்வளவு சுலபமான கேள்விகளைக் கேட்டதில்லை. எல்லாவற்றுக்கும் சரியாகவே பதில் சொன்னேன். லீவு முடிந்து விழுப்புரம் திரும்பியதும் அம்மாவிடம், பெரியப்பா தினமும் எனக்குப் பரீட்சை வைத்தார், ஒன்றில்கூட நான் பெயிலாகவில்லை என்று பெருமையாகச் சொன்னேன்.